பயணப் பையில் ஓர் அஞ்சறைப் பெட்டி

(மல்காஜ்கிரியில் நடந்த மூத்த அங்கத்தினர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இம்மாதிரிக் கூட்டங்களில் வழக்கமாக உடல்நலம், முதலீடு, வருமான வரி என்று பேசுவார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றைவிடச் சிறியது. ஊருக்குக் கிளம்பும்போது செல்போன் சார்ஜர், ஒயர், பவர் பேங்க், காது மெஷின் முதலிய சில்லறைச் சாமான்களைப் பையில் எப்படி அடுக்கி வைத்துக்கொள்வது என்பதுதான் அது. இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலருக்குத் தோன்றலாம். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

நம் சிறு வயதில் ரயில் யாத்திரை என்றால் ஹோல்டால், கூஜா, டிபன் கேரியர் மூன்றும் போதும். கூஜாவில் தண்ணீர் தீர்ந்தால் அடுத்த ஸ்டேஷனில் குழாய் இருக்கும். இன்று தீர்ந்து போவது செல்போனின் சார்ஜ். அது தீர்ந்தால் கூடவே என்னென்ன போய்விடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். டிக்கெட் அதில் இருக்கிறது. பணம் யூ.பி.ஐ. வழியாக அதில் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டின் படம், ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போக டாக்சி, பிள்ளையின் விலாசம், எல்லாமே அதற்குள். முக்கியமாக, பிள்ளை பெண்களின் டெலிபோன் நம்பர் நம்மில் எத்தனை பேருக்கு மனப்பாடமாகத் தெரியும்?

மல்காஜ்கிரி, சஃபில்குடா, ஆனந்த்பாக், நேரேட்மெட் பக்கத்தில் குடியிருக்கும் நம்மவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிள்ளைகள் வெளியூரில்தான். காச்சிகுடாவிலோ செகந்தராபாத்திலோ, 2025 ஜனவரியில் திறந்த செர்லபள்ளி புதிய முனையத்திலோ ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறோம். ஷம்ஷாபாத்தில் விமானம் ஏறி அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போகிறோம். பெரும்பாலும் கிழவனும் கிழவியுமாக இரண்டே பேர். ஆகவே இந்தச் சில்லறைச் சாமான் விஷயம் வெறும் ஒழுங்கைப் பற்றியது இல்லை. யாரையும் எதிர்பார்க்காமல் நாமே போய் வரும் சக்தியைப் பற்றியது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, இருவருமே எழுபதைத் தாண்டியவர்கள், இரவு ரயிலில் சென்னைக்குப் போனார்கள். நடுநிசியில் அவருக்குச் சர்க்கரை இறங்கித் தலைசுற்றல் வந்துவிட்டது. பக்கத்து பெர்த்தில் இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ரயில்வேயின் 139 எண்ணுக்கும் போன் செய்தார்கள். ஆனால் அந்த அம்மாள் பிள்ளைக்குத் தகவல் சொல்ல முடியவில்லை. அவர் போன் பூட்டியிருந்தது, திறக்கும் எண் இவருக்குத் தெரியாது. இவர் போனில் சார்ஜ் இல்லை. சார்ஜர் சீட்டுக்கு அடியில் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறந்தால் ஏழெட்டு ஒயர்கள் ஒன்றோடொன்று சடை பின்னிக் கிடந்தன. எது எந்தப் போனுக்கு என்று தெரியாமல் ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தார். கடைசியில் ஒன்று பொருந்தியது. அப்போது பார்த்தால் பிளக் பாயிண்ட்டில் மின்சாரம் இல்லை! காலையில் அவருக்குத் தெளிந்துவிட்டது, ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மாள் பட்ட அந்த நான்கு மணி நேரத் தவிப்பு இருக்கிறதே, அதைக் கேட்ட பிறகுதான் இந்த விஷயத்தை நான் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்த வீட்டில் எல்லாச் சாமானும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: எது எங்கே இருக்கிறது, எதற்கு எது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்று நான் சொல்ல வந்ததன் சாரமும் அதுதான். பை இருவருக்கும் தெரிய வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும்.

இதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். மாமிகளின் சமையலறையிலேயே இருக்கிறது, அஞ்சறைப் பெட்டி. கரண்ட் போனாலும் கடுகு எங்கே, வெந்தயம் எங்கே என்று கை தானாகப் போகிறது. ஏதாவது தீர்ந்தால் மூடியைத் திறந்ததுமே காலிக் கிண்ணம் கண்ணில் படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், குறைந்தால் உடனே தெரிவது, இந்த இரண்டும்தான் நமக்கு வேண்டியது.

முதல் காரியம், வீட்டில் உள்ள எல்லாச் சார்ஜரையும் ஒயரையும் சாப்பாட்டு மேஜையில் கொட்டுங்கள். பக்கத்தில், ஊருக்கு எடுத்துப் போகும் கருவிகளை வரிசையாக வையுங்கள். எந்தக் கருவிக்கு எந்த முனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதி ஒயருக்குச் சொந்தக்காரரே இல்லை என்பது அப்போது தெரியும். அவற்றைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் சேர்த்துவிடுங்கள்.

நல்ல காலமாக இப்போது முனைகள் ஒன்றாகிக்கொண்டு வருகின்றன. இருபுறமும் ஒரே மாதிரி, எப்படிச் சொருகினாலும் போகும் நீள்வட்ட முனை இருக்கிறதே, அது டைப்-சி. 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15 முதல் ஆப்பிள் போன்களும் இதற்கு மாறிவிட்டன. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன், டேப்லெட், கேமரா முதலியவற்றுக்கு இந்த முனையே கட்டாயம். ஆகவே அடுத்த முறை போனோ காது மெஷினோ வாங்கும்போது, டைப்-சி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கணவன் மனைவி இருவர் போனுக்கும் ஒரே ஒயர் என்றால் பையின் பாரமும் மனத்தின் பாரமும் பாதியாகிவிடும்.

பழைய டார்ச்சுக்கும், சில பி.பி. மெஷினுக்கும் இன்னும் மைக்ரோ யூ.எஸ்.பி. என்ற சிறிய முனைதான். அதற்கென்று ஒரு ஒயர் போதும்.

இனி அறைகள். விலை உயர்ந்த பை ஒன்றும் வாங்க வேண்டாம். உள்ளே தெரியும்படியான சின்ன ஜிப் பைகள் ஐந்து, அவற்றை வைக்க ஒரு துணிப்பை, அவ்வளவுதான். கண்ணாடிக் கடையில் இலவசமாகக் கொடுக்கும் மூக்குக் கண்ணாடிக் கூடும் ஒயர் வைக்க மிகவும் சௌகரியமானது.

முதல் அறையில் சார்ஜர். இரண்டு முனை உள்ள சார்ஜராக ஒன்று இருந்தால் இரண்டு போனையும் ஒரே சமயத்தில் போடலாம்.

இரண்டாவது அறையில் ஒயர்கள். இரண்டு டைப்-சி, தேவையானால் ஒரு மைக்ரோ. ஒயரைச் சார்ஜரைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். ஒயர் அறுந்து போவது பெரும்பாலும் முனைக்குப் பக்கத்தில் கழுத்தில்தான். உள்ளே மயிரிழை போன்ற செப்புக் கம்பிகள் மடிந்து மடிந்து ஒவ்வொன்றாக முறிகின்றன. மீதி உள்ள சில கம்பிகள் வழியாகவே கரண்ட் போவதால் அந்த இடம் சூடாகிறது. கழுத்து சுடுகிறது என்றால் அந்த ஒயருக்கு விடை கொடுத்துவிடுங்கள். உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாகச் சுற்றி, ஒரு துணி நாடாவால் கட்டினால் போதும். என் மனைவியின் ஒயரில் சிவப்பு நூல், என்னுடையதில் பச்சை நூல் சுற்றியிருக்கிறோம். கண்ணாடி போடாமலே அடையாளம் தெரிகிறது.

மூன்றாவது அறை பவர் பேங்க்குக்கு மட்டும். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பவர் பேங்க்கின் மேல் 10,000 எம்.ஏ.எச்., 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும். அது மில்லி ஆம்பியர் மணி. விமானக்காரர்கள் கேட்கும் கணக்கு வாட் மணி. கணக்கு சுலபம்: அந்த எண்ணை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 10,000 என்றால் 37 வாட் மணி. 20,000 என்றால் 74. பொதுவாக 100 வாட் மணி வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டு போகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கூடாது. நமக்கு 10,000 போதும். ஆனால் 5,000 எம்.ஏ.எச். போனுக்கு அது இரண்டு முறை முழுசாக வரும் என்று நினைக்க வேண்டாம். மின்னழுத்தத்தை மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். ஒன்றே கால், மிஞ்சினால் ஒன்றரை முறை வரும்.

இதை விமானத்தில் லக்கேஜில் போடக்கூடாது, கையோடுதான் கொண்டு போக வேண்டும். ஏன் என்று பலர் கேட்கிறார்கள். லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய திரை ஒன்று இருக்கிறது. அடிபட்டோ வீங்கியோ அது கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். அந்தச் சூட்டில் ரசாயன மாற்றம் வேகமாகி மேலும் சூடு, மேலும் வேகம் என்று நிமிஷத்தில் தீயாகிவிடும். பயணிகள் பகுதியில் நடந்தால் உடனே பார்த்து அணைக்கலாம். கீழே சரக்கறையில் நடந்தால் பார்க்க யார் இருக்கிறார்கள்?

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசான் நகரத்து விமான நிலையத்தில், ஹாங்காங் புறப்படவிருந்த ஏர் பூசான் விமானம் தரையிலேயே எரிந்தது. 176 பேரும் தப்பி இறங்கினார்கள். தலைக்கு மேலே உள்ள தட்டில் இருந்த ஒரு பவர் பேங்க்கின் உள் காப்பு சிதைந்து தீப்பற்றியிருக்கலாம் என்று விசாரணையில் இடைக்கால முடிவு வந்தது. நம் டெல்லியிலும் 2025 அக்டோபர் 19 அன்று, திமாப்பூர் கிளம்ப ஓடுபாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த விமானத்தில், முன் சீட்டின் பின்பையில் இருந்த பவர் பேங்க் தீப்பிடித்து, ஊழியர்கள் அணைத்தார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க்கை உபயோகிப்பதையே தடை செய்துவிட்டன. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட்டோடு வரும் குறிப்பை ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

இங்கேதான் தனி அறையின் அருமை தெரியும். விமானத்தில் இடம் இல்லை என்று சொல்லி, கடைசி நேரத்தில் வாசலிலேயே உங்கள் கைப்பெட்டியை வாங்கிக் கீழே அனுப்புவார்கள். அப்போது பின்னால் நூறு பேர் நிற்க, பெட்டியைக் குடைந்துகொண்டிருக்க முடியாது. ஒரு ஜிப் பையை ஒரே இழுப்பில் எடுத்துத் தோள் பையில் போட்டுக்கொள்ள முடியவேண்டும். வீங்கிய பவர் பேங்க், கீழே விழுந்து அடிபட்டது, எம்.ஏ.எச். எண் அழிந்து போனது, இவற்றை எடுத்துப் போகவே வேண்டாம். அந்த அறையில் சாவியோ சில்லறைக் காசோ போடாதீர்கள்.

நான்காவது அறை காது மெஷினும் அதன் பேட்டரியும். பட்டன் போன்ற அந்த ஜிங்க்-ஏர் பேட்டரி, ஸ்டிக்கரைப் பிரித்ததும் காற்றை உள்ளே இழுத்து வேலை செய்ய ஆரம்பித்துவிடும். திரும்ப ஒட்டினாலும் நின்றுவிடாது. ஆகவே தேவைப்படும்போதுதான் பிரிக்க வேண்டும். ஸ்டிக்கரின் நிறமே அளவைச் சொல்லும்: ஆரஞ்சு என்றால் 13, பழுப்பு என்றால் 312. வெளியூர்க் கடையில் நிறத்தைச் சொல்லியே கேட்கலாம். ஒரு விஷயம் மிகவும் முக்கியம். இந்தப் பேட்டரியை மாத்திரை டப்பாவோடு வைக்காதீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மாத்திரை என்று நினைத்து விழுங்கிய முதியவர்கள் உண்டு. பேரக் குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் போனால் இந்த அறையை உயரத்தில் வையுங்கள். பட்டன் பேட்டரி, அதிலும் காசு போன்ற லித்தியம் வகை, குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், காத்திருக்கக் கூடாது.

ஐந்தாவது அறை வெளிநாட்டுப் பிளக். சிங்கப்பூர், இங்கிலாந்து, துபாயில் சதுரக் கால் மூன்று. அமெரிக்காவில் தட்டைக் கால். ஆஸ்திரேலியாவில் சாய்ந்த தட்டைக் கால். கடையில் விற்கும் மாற்றுப் பிளக் காலின் உருவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. நம் நாட்டில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. உங்கள் சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இன்புட் 100-240 வோல்ட் என்று இருந்தால் எந்த நாட்டிலும் கவலை இல்லை. வெறும் 220-240 என்று இருந்தால் அது அமெரிக்காவில் வேலை செய்யாது. நெபுலைசர் கொண்டு போகிறவர்கள் இதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். எழுத்து மிகவும் பொடி என்றால், அதே செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ரயிலுக்கு வருவோம். பல பெட்டிகளில் பிளக் பாயிண்ட்டின் மேல் 110 வோல்ட் என்றே எழுதியிருக்கும். 100-240 சார்ஜர் அதில் நன்றாக வேலை செய்யும். வெந்நீர்க் கெட்டில் முதலியவற்றை ரயிலில் சொருகுவது தடை செய்யப்பட்டது. ஒருவர் காபிக்காக எழுபது பேர் உயிரைப் பணயம் வைப்பதாகும். முன்னே சொன்ன அம்மாளுக்கு நடுநிசியில் ஏன் கரண்ட் வரவில்லை தெரியுமா? 2013 டிசம்பர் 28 அதிகாலையில் பெங்களூரு-நாந்தேட் விரைவு ரயிலில், ஆந்திரத்தின் கொத்தசெருவு அருகே, ஏ.சி. பெட்டி எரிந்து 26 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குச் சார்ஜர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு, எல்லோரும் தூங்கும் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜ் பாயிண்ட்டுகளை நிறுத்த வேண்டும் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பரிந்துரைத்தார். 2021 மார்ச்சில் ரயில்வே அதைக் கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கியது. சார்மினார் எக்ஸ்பிரஸ் போன்ற நம் சென்னை வண்டிகள் எல்லாம் இரவு வண்டிகள். ஆகவே ஏறி உட்கார்ந்து சாப்பாடு ஆனதும் முதல் வேலை சார்ஜ். படுக்கும்போது ஒயரைக் கழற்றி அறையில் போட்டு, அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் போகவே கூடாது.

ஸ்டேஷனிலும் விமான நிலையத்திலும் பொதுவாக வைத்திருக்கும் யூ.எஸ்.பி. துளையில் நேராக ஒயரைச் சொருகுவதைத் தவிர்ப்பது நல்லது. அந்த ஒயரில் மின்சாரக் கம்பியோடு தகவல் போகும் கம்பியும் இருக்கிறது. அதன் வழியே போனிலுள்ளதைத் திருடக்கூடும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டிலும் எச்சரித்திருக்கிறார்கள். சொந்தச் சார்ஜரைச் சுவர்ப் பிளக்கில் போட்டால் இந்தப் பயம் இல்லை.

இந்த ஐந்து அறையோடு ஒரே ஒரு தாள் வையுங்கள். கெட்டியான அட்டையில், பெரிய எழுத்தில், பிள்ளை பெண் இருவர் நம்பர், டாக்டர் நம்பர், போகும் வீட்டு விலாசம், டிக்கெட்டின் பி.என்.ஆர்., இருவரும் சாப்பிடும் மருந்துகள். இந்த அட்டைக்குச் சார்ஜ் வேண்டாம். எத்தனை பவர் பேங்க் இருந்தாலும் இதற்கு ஈடில்லை.

திரும்பிக் கிளம்பும்போது பிள்ளை வீட்டுச் சுவரில் சார்ஜரை விட்டுவிட்டு வருவது உலக வழக்கம். பூட்டுவதற்கு முன் பையைத் திறந்து ஐந்து அறையையும் ஒரு பார்வை பாருங்கள். காலிக் கிண்ணம் தானே கூப்பிடும்.

கடைசியாக மாமாக்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான வீடுகளில் சார்ஜர், டிக்கெட், பாஸ்வேர்ட் எல்லாம் நம் இலாகா என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். "உனக்கு எதற்கு, நான் பார்த்துக்கறேன்" என்று அன்போடுதான் சொல்கிறோம். நாம் பார்த்துக்கொள்ள முடியாத ஒரு ராத்திரி வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? பையை அடுக்கும் வேலையை மாமிகளிடம் கொடுங்கள். அஞ்சறைப் பெட்டியை ஐம்பது வருஷமாக ஆண்டவர்கள், நம்மைவிட நன்றாகவே அடுக்குவார்கள். ஒருவர் போனைத் திறக்கும் எண் மற்றவருக்குத் தெரிந்திருக்கட்டும். கிளம்பும் முன் ஒருநாள், வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, அவர்களையே ஒயரை எடுத்துப் போனில் சொருகச் சொல்லிப் பாருங்கள். நம் வீட்டில் இது பழக்கமாகிவிட்டது. என் மனைவிக்கு அரை நிமிஷம் ஆகிறது; எனக்கு ஒரு நிமிஷம்!

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் பையில் இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு வழிகோலிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2019-ல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவரான ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அந்த வயதிலும் அவர் புதிய பேட்டரிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். நமக்கு ஐந்து ஜிப் பையை அடுக்கத் தெரியாதா என்ன?

எல்லோரும் க்ஷேமமாகப் போய், க்ஷேமமாகத் திரும்பி வாருங்கள்.